தொலேதோ வணிகரின் பேத்தி: அவிலா தெரேசாவின் வாழ்க்கை

உங்களில் சிலருக்கு இது காலை நேரம், சிலருக்கு நள்ளிரவு. தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருப்பவர்களுக்குச் சிறப்பு நன்றி.

தலைப்பில் தெரேசா என்ற பெயரைப் பார்த்ததும் ஒரு குழப்பம் வரும். அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். நமக்கெல்லாம் தெரிந்தவர் கொல்கத்தாவின் அன்னை தெரசா. அவர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது பிரான்சின் லிசியே நகரத்து தெரேசாவின் நினைவாக. நம்மூர்க் கோயில்களில் கை நிறைய ரோஜாக்களோடு நிற்பாரே, சிறுமலர், குழந்தை தெரேசா, அவர்தான். அந்தச் சிறுமலர் வாழ்ந்து 24 வயதில் இறந்தது ஒரு கார்மேல் மடத்தில். அந்த வகை மடங்களை அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் தொடங்கிவைத்தவர் மூன்றாவது தெரேசா. அவிலா நகரத்து தெரேசா. நான் இன்று பேசப்போவது இவரைப் பற்றி.

கலை வரலாறு படித்தவர்களுக்கு இவர் பெர்னினியின் சிற்பம் வழியாக அறிமுகமாகியிருப்பார். ரோம் நகரில், சாந்தா மரியா தெல்லா வித்தோரியா கோயிலில் இருக்கிறது. மேகத்தின்மேல் சாய்ந்து கிடக்கும் ஒரு பெண், பாதி திறந்த வாய், எதிரே கையில் அம்பு பிடித்துச் சிரிக்கும் ஒரு தேவதூதன். அந்தச் சிற்பம் அவ்வளவு நன்றாக இருப்பதே ஒரு தொல்லை. தெரேசா என்றாலே அந்தக் கணம் மட்டும்தான் என்று ஆகிவிட்டது. அந்தப் பரவசத்தைப் பற்றி எழுதிய அதே கை, கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டது, வீட்டு வாடகைக்குப் பேரம் பேசியது, மீன் வந்து சேர்ந்ததா என்று கடிதம் எழுதிக் கேட்டது. நான் சிற்பத்தை விட்டுவிட்டு ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன்.

ஸ்பெயினில் தொலேதோ என்றொரு பழைய நகரம். அங்கே ஹுவான் சான்சேஸ் என்ற துணி வணிகர் இருந்தார். யூத வம்சத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம். 1485இல் இன்குவிசிஷன், அதாவது மத விசாரணை மன்றம், தொலேதோவுக்கு வந்தது. ரகசியமாகப் பழைய மதத்தைப் பின்பற்றியவர்கள் தாங்களாகவே வந்து ஒப்புக்கொண்டால் மன்னிப்பு உண்டு என்று கெடு வைத்தார்கள். ஹுவான் சான்சேஸ் போய் ஒப்புக்கொண்டார். உயிர் தப்பியது. அதற்குரிய தண்டனை, ஏழு வெள்ளிக்கிழமைகள், சாம்பெனித்தோ என்ற மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு, ஊர் பார்க்க, கோயில் கோயிலாக நடந்து போவது. தண்டனை முடிந்ததும் அந்த அங்கியைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. பெயர் எழுதி, அந்தந்தப் பங்குக் கோயிலில் தொங்கவிடுவது வழக்கம். பேரப்பிள்ளைகள் காலத்திலும் ஊர் மறக்கக்கூடாது என்பதற்காக.

அவருடைய மகன்களில் ஒருவன் அலோன்சோ. அப்போது சின்னப் பையன். குடும்பம் தொலேதோவை விட்டு அவிலாவுக்குப் பெயர்ந்தது. அங்கே பட்டும் கம்பளியும் விற்றார்கள், பணம் சேர்ந்தது. சான்சேஸ் என்ற பெயர் மெல்லப் பின்னால் போய், தாய்வழிப் பெயரான செபேதா முன்னால் வந்தது. நல்ல குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். ஸ்பெயினில் இதால்கோ என்றொரு தாழ்நிலைப் பிரபு வகுப்பு உண்டு. அவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. அந்த வரிவிலக்குக்குப் பண மதிப்பைவிட மான மதிப்பு அதிகம். வரி கட்டுகிறவன் என்றால் சாதாரணன். அலோன்சோவும் சகோதரர்களும் வரி கட்ட மறுத்தார்கள். 1519இல் வழக்கு வந்தது. சாட்சிகள் வந்து, இவர்களுடைய அப்பா தொலேதோவில் தண்டனை பெற்றவர் என்று சொன்னார்கள். ஆனாலும் தீர்ப்பு சகோதரர்கள் பக்கம்தான் வந்தது. எப்படி வந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. நீதிமன்றங்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

வழக்கு தொடங்கியபோது அலோன்சோவின் மகள் தெரேசாவுக்கு வயது நான்கு. 1515 மார்ச் 28இல் பிறந்தவர்.

இந்த ரத்தத் தூய்மை என்ற விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய கிறிஸ்தவர்கள், புதிய கிறிஸ்தவர்கள் என்று இரண்டு வகை. ஞானஸ்நானம் ஒன்றுதான், கோயில் ஒன்றுதான், ஆனால் யூதரோ இஸ்லாமியரோ மூதாதையராக இருந்தால் பதவிகளிலும் கல்விச்சாலைகளிலும் துறவு சபைகளிலும் இடமில்லை. இப்படிப்பட்ட முதல் சட்டம் வந்தது 1449இல், அதே தொலேதோ நகரில். உங்களுக்கு இதைக் கேட்கும்போது வேறு ஒன்று ஞாபகத்துக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. ‘காஸ்தா’ என்று வம்சத்தைக் குறிக்கும் ஓர் ஐபீரியச் சொல் உண்டு. நம் கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் நம் சமூகத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். ஆங்கிலத்தில் ‘காஸ்ட்’ என்று ஆனது அதுதான். இரண்டும் ஒன்றல்ல. நம்முடையதற்குத் தீட்டு, தொழில், வழிபாடு என்று வேறு வேர்கள் உண்டு. ஆனால் பெயர் வைத்தவர்களுக்கு வீட்டிலேயே பழக்கம் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சரி, தெரேசாவின் இளமை. பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீடு. அம்மா வீரசாகசக் கதைகளின் ரசிகை. அப்பாவுக்குப் பிடிக்காது, அதனால் அம்மாவும் மகளும் ஒளித்துவைத்துப் படித்தார்கள். ஏழு வயதில் அண்ணன் ரோத்ரிகோவைக் கூட்டிக்கொண்டு, மூர்களின் நாட்டுக்குப் போய்த் தலைவெட்டுப்பட்டு வேதசாட்சிகளாக இறந்து நேராக மோட்சம் போய்விடலாம் என்று கிளம்பினாள் சிறுமி. ஊர் மதிலைத் தாண்டியதும் சித்தப்பா ஒருவர் பார்த்து வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டார். அம்மா இளம் வயதிலேயே இறந்தார். சகோதரர்கள் ஒவ்வொருவராக அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே யாரும் தாத்தாவைப் பற்றிக் கேட்கமாட்டார்கள் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

1535இல் தெரேசா அவிலாவில் இருந்த கார்மேல் சபையின் மனிதாவதார மடத்தில் சேர்ந்தார். அப்பாவுக்கு விருப்பமில்லை. திருமணம் செய்துகொண்ட அம்மா ஓயாத பிரசவங்களில் தேய்ந்து போனதைப் பார்த்த பெண்ணுக்கு மடம் ஒரு வழியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. சேர்ந்த சில ஆண்டுகளில் பெரிய நோய். மருத்துவம் பார்க்கிறேன் என்று ஒரு நாட்டு மருத்துவச்சி கொடுத்த பேதி மருந்துகளில் உடல் முறிந்தது. 1539இல் நான்கு நாட்கள் நினைவில்லாமல் கிடந்தார். இறந்துவிட்டார் என்றே முடிவு செய்து கண்ணிமைகளில் மெழுகு வைத்துவிட்டார்கள். மடத்தில் குழி வெட்டித் தயாராக இருந்தது. விழித்துக்கொண்டார். அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முடங்கிக் கிடந்தார். கைகளாலும் முழங்கால்களாலும் ஊர்ந்து போக முடிந்ததையே ஒரு முன்னேற்றமாக எழுதுகிறார்.

அந்த மடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட 180 பெண்கள். வெளியே இருந்த சமூகம் அப்படியே மதிலுக்குள்ளும் இருந்தது. செல்வர் வீட்டுப் பெண்களுக்குத் தனி அறைகள், சமையலறை, பணிப்பெண்கள். அவர்களை ‘தோன்யா’ என்று பட்டம் சொல்லி அழைக்க வேண்டும். ஏழைப் பெண்கள் பொதுக்கூடத்தில் படுத்தார்கள். ஜெபக்கூடத்தில் உட்காரும் இடம்கூட அந்தஸ்தைப் பொறுத்தது. நம் தெரேசா அங்கே தோன்யா தெரேசா தெ அஹுமாதா. நல்ல அறை, ஓயாத விருந்தினர்கள், சிரிக்கச் சிரிக்கப் பேச்சு. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இப்படியே போயின. ஜெபத்தில் உட்கார்ந்தால் மணல்கடிகாரம் எப்போது தீரும் என்று பார்த்துக்கொண்டிருந்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். 1554இல், காயப்பட்ட கிறிஸ்துவின் சிலை ஒன்றின் முன் உடைந்து அழுதார். அகுஸ்தீனாரின் ‘பாவ அறிக்கை’ நூலும் அந்தக் காலத்தில்தான் கைக்கு வந்தது. வயது 39. அதன் பிறகுதான் காட்சிகளும் குரல்களும் பரவசங்களும்.

இங்கே அவருக்கு ஏற்பட்ட ஆபத்தை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கால ஸ்பெயினில் ஒரு பெண் “கடவுள் என்னோடு பேசுகிறார்” என்று சொன்னால், விசாரணை மன்றத்தின் வாசலுக்கு அவளே நடந்து போனமாதிரி. கோர்தோபாவில் மக்தலேனா தெ லா குருஸ் என்ற கன்னியாஸ்திரி பல ஆண்டுகள் புனிதையாகக் கொண்டாடப்பட்டு, 1546இல் எல்லாம் பிசாசின் வேலை என்று ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். 1559இல் தாய்மொழியில் இருந்த ஆன்மிக நூல்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. லத்தீன் தெரியாத பெண்ணுக்கு அதன் பொருள் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான். இதோடு இவர் தொலேதோ ஹுவான் சான்சேஸின் பேத்தி வேறு. குருக்கள் சிலர், உனக்கு வருவதெல்லாம் சைத்தானிடமிருந்து என்றார்கள். எல்லாவற்றையும் எழுதிக் கொடு, நாங்கள் ஆராய்கிறோம் என்றார்கள்.

‘வாழ்க்கை’ என்று இன்று நாம் படிக்கும் அவருடைய தன்வரலாறு இப்படிப் பிறந்தது. இதை மறக்காமல் படிக்க வேண்டும். அது ஒரு வாக்குமூலம். “நான் ஒரு பேதைப் பெண், எனக்கு என்ன தெரியும்” என்ற தொனி பக்கத்துக்குப் பக்கம் வரும். சிலர் அதைப் பணிவு என்கிறார்கள். எனக்கு அது கவசமாகத் தெரிகிறது. அந்தக் கவசத்துக்குள்ளிருந்து அவர் துணிந்து, இறையியல் வல்லுநர்களுக்கு ஜெபம் என்றால் என்ன என்று பாடம் நடத்துகிறார்.

அதில் ஒரு பகுதியை விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த யாரும் ரசிக்காமல் இருக்க முடியாது. ஆன்மா ஒரு தோட்டம். அதற்குத் தண்ணீர் பாய்ச்ச நான்கு வழிகள். முதல் வழி, கிணற்றிலிருந்து கையால் சேந்தி ஊற்றுவது. முதுகு ஒடியும், தண்ணீர் கொஞ்சம்தான் வரும், சில நாள் கிணறே வற்றியிருக்கும். இரண்டாவது, கிணற்றின் மேல் சக்கரம் வைத்து வாளிகளைக் கட்டிச் சுழற்றுவது. நம்மூர்க் கமலையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கருவி இல்லை என்றாலும் அதே நிம்மதி. மூன்றாவது, ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சுவது. மடை திருப்பிவிட்டால் போதும், மண் ஆழமாக நனையும். நான்காவது, மழை. அதில் தோட்டக்காரனுக்கு வேலையே இல்லை. ஜெபத்தின் நான்கு நிலைகள் இவை. அவிலா மழை குறைந்த மேட்டு நிலம், தண்ணீரின் அருமை தெரிந்த ஊர். ஏட்டுக் கல்வி பெற்ற இறையியலாளன் ஒருவனால் இந்த உவமையை எழுதியிருக்க முடியாது என்பது என் எண்ணம். நம் பக்தி மரபோடு, குறிப்பாக ஆண்டாளோடு, ஒப்பிட ஆசை எழும். அது தனியாக ஒரு நாள் பேச வேண்டியது, இன்று தொடவில்லை.

பெர்னினி செதுக்கிய அந்த அம்புக் காட்சியும் ‘வாழ்க்கை’யில்தான் வருகிறது, ஒரு சில பத்திகளில். அவர் அதை விவரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

அடுத்த வேலை என்பது புதிய மடம். 1562 ஆகஸ்ட் 24, அவிலாவில் புனித சூசையப்பர் மடம். வரதட்சணை கொண்டுவர வழியில்லாத நான்கு ஏழைப் பெண்களோடு தொடங்கியது. அதற்கு அவர் வகுத்த விதிகள்தான் என்னை இந்த உரைக்குத் தூண்டியவை. உறுப்பினர் எண்ணிக்கை 13 பேர் அளவிலேயே நிற்க வேண்டும். தோன்யா கிடையாது. குடும்பப் பெயர் கிடையாது. அவரே தெரேசா தெ அஹுமாதாவை விட்டு ‘இயேசுவின் தெரேசா’ ஆனார். வீட்டைப் பெருக்குவது தலைவியிலிருந்து தொடங்க வேண்டும். நிலையான வருமானம் கிடையாது. நூல் நூற்று, கிடைக்கும் தர்மத்தில் வாழ வேண்டும். காலில் தோல் செருப்புக்குப் பதில் சணல் கயிற்றால் பின்னியது. ‘காலணி அணியா கார்மேல் சபை’ என்ற பெயர் அதனால் வந்தது. இதோடு இன்னொன்று. சேர வரும் பெண்ணின் ரத்தத் தூய்மையை ஆராயும் நிபந்தனையை அவர் விதிகளில் எழுதவே இல்லை. மற்ற சபைகள் ஒவ்வொன்றாக அதைச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. தன் சகோதரிகளுக்கு எழுதிய ‘நிறைவின் வழி’ நூலில் மான அவமானப் பேச்சை, யார் குலம் பெரிது என்ற பேச்சை, மடத்தைக் கெடுக்கும் கொள்ளைநோயாகவே பார்க்கிறார். அதே நூலில் பெண்களுக்காக வாதாடிய ஒரு பகுதியைத் தணிக்கை செய்த குரு அடித்துவிட்டார். திருத்தி எழுதிய படியில் அது இல்லை. முதல் படி இன்றும் எஸ்கோரியல் நூலகத்தில் இருக்கிறது, அந்த அடித்தல்களோடு.

மடம் திறந்ததும் ஊரில் கலகம். நகர சபை வழக்குப் போட்டது. வருமானமில்லாத இன்னொரு மடத்துக்கு யார் சோறு போடுவது என்பது அவர்கள் வாதம். அது நியாயமற்ற கேள்வி என்றும் சொல்ல முடியாது. எப்படியோ பிழைத்தது. உண்மையைச் சொன்னால், அந்த வீட்டை வாங்கிச் சீராக்க உதவியது கீத்தோவிலிருந்து தம்பி லொரென்சோ அனுப்பிய பணம். அதாவது தென் அமெரிக்காவை வென்று அடக்கியவர்களின் பணம். அங்குள்ள மக்களை நினைத்து வேதனைப்பட்டதாகத் தெரேசா பின்னாளில் தம்பிக்கே எழுதுகிறார், ஆனால் பணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. இவரைப் புரட்சிக்காரி ஆக்க விரும்பும் நண்பர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லூத்தரன்களைப் பற்றிய அவருடைய கருத்துகளும் அப்படியே, அவர் காலத்துக் கத்தோலிக்கருடையவைதான்.

1567 முதல் பயணம். மூடிய வண்டி, கோவேறு கழுதைகள், கரடுமுரடான பாதை. மெதினா தெல் காம்போவுக்கு நள்ளிரவில் போய்ச் சேர்ந்தபோது, மறுநாள் காளை விளையாட்டுக்காக மாடுகளைத் தெருவில் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். அவற்றுக்குத் தப்பிப் போனால், வாங்கிய வீட்டுக்குச் சுவரே சரியாக இல்லை. விடிவதற்குள் திரைச்சீலைகளைத் தொங்கவிட்டுப் பீடம் அமைத்துப் பூசை நடத்திவிட்டார்கள். பூசை நடந்துவிட்டால் மடம் தொடங்கியதாகக் கணக்கு, பிறகு வெளியேற்றுவது கடினம். இது அவருடைய வழக்கமான உத்தி. அந்த ஊரில்தான் 25 வயதுக் குள்ளமான ஓர் இளம் துறவியைச் சந்தித்தார். நெசவுக்காரப் பெண்ணை மணந்ததால் குடும்பத்தால் கைவிடப்பட்டவரின் மகன். பின்னாளில் ஸ்பானிய மொழியின் மிகப்பெரிய கவிஞர்களில் ஒருவரான சிலுவை அருளப்பர். ஆண்களுக்கான சீர்திருத்த மடம் அவரோடு 1568இல் துருவேலோ என்ற சிற்றூரில் தொடங்கியது.

மொத்தம் 17 இல்லங்கள். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. தொலேதோவை மட்டும் சொல்கிறேன்.

1569. தாத்தா மஞ்சள் அங்கியோடு நடந்த நகரம். 84 ஆண்டுகள் கழித்து பேத்தி வருகிறார். மார்த்தீன் ராமிரெஸ் என்ற வணிகர் இறக்கும்போது மடத்துக்காகப் பணம் ஒதுக்கியிருந்தார். வாரிசுகளோடு பேச்சு முறிந்தது. மறைமாவட்ட நிர்வாகியிடமிருந்து இரண்டு மாதமாக அனுமதியும் வரவில்லை. தெரேசா நேரில் போய், நிறைவாக வாழ விரும்பும் பெண்களை, சுகமாக வாழ்கிறவர்கள் தடுப்பது நியாயமா என்று கேட்டுவிட்டார். அனுமதி வந்தது. கையில் இருந்தது மூன்று நான்கு தூக்கத் நாணயங்கள். அதில் இரண்டு படங்களும் இரண்டு வைக்கோல் மெத்தைகளும் ஒரு போர்வையும் வாங்கினார். நகரத்தின் பெரிய மனிதர்களால் முடியாததை அந்திராதா என்ற ஓட்டாண்டி மாணவன் செய்து முடித்தான், ஒரு வீடு பிடித்துக் கொடுத்தான். அவன் உடையைப் பார்த்துச் சகோதரிகள் சிரித்தார்களாம். ஒரு மத்தி மீனை வாட்டுவதற்குக்கூட விறகில்லாமல் அந்த வீட்டில் இருந்ததை ‘அடித்தளங்கள்’ என்ற நூலில் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். பின்னால் வசதி வந்தபோது அந்த வறுமையின் ருசி போய்விட்டதே என்று வருந்துகிறார்.

பிறகு ராமிரெஸ் குடும்பம் திரும்பி வந்தது. பணம் தருகிறோம், கோயிலின் முதன்மைப் பீடத்தருகே எங்களுக்குக் கல்லறை வேண்டும் என்றார்கள். அது காப்பாளர் உரிமை, பிரபுக்களுக்கு உரிய மரியாதை. நகரத்தின் பெரிய குடும்பங்கள் கொதித்தன. தொலேதோவில் வணிகன் என்றாலே மதம் மாறிய யூத வம்சமோ என்ற சந்தேகம். பிரபு குலத்துக்குக் கொடுக்க வேண்டிய இடத்தை ஒரு கடைக்காரனுக்கா? தெரேசாவே தயங்கினார் என்பதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். ஜெபத்தில் கடிந்துகொள்ளும் குரல் ஒன்று வந்ததாம், குலங்களும் பட்டங்களும் கடவுளின் தீர்ப்பின் முன் எதற்காகும் என்ற பொருளில். இடத்தை வணிகர்களுக்கே கொடுத்தார். அந்தப் பக்கங்களில் தன் தாத்தாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவருடைய எந்த நூலிலும் இல்லை. பின்னாளில் ஹெரோனிமோ கிராசியான் என்ற இளம் துறவி, அவருடைய நெருங்கிய துணைவர், அவிலாவில் அவருடைய வம்சப் பெருமையை விசாரிக்கத் தொடங்கியபோது தெரேசா கோபப்பட்டதாக அவரே பதிவு செய்திருக்கிறார். திருச்சபையின் மகள் என்பது போதாதா என்று கேட்டாராம். அந்தக் கோபத்தில் எனக்குப் பயமும் கேட்கிறது.

இதற்கு நேரெதிர் பாஸ்த்ரானா. எபோலி இளவரசி தன் ஊரில் மடம் கட்டிக் கொடுத்தார். கணவர் இறந்ததும், சோகத்தில், நானும் துறவி என்று பணிப்பெண்களோடு வந்து மடத்துக்குள் குடியேறினார். சகோதரிகள் முழந்தாளிட்டுப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தார். 1574இல் தெரேசா இரவோடு இரவாகத் தன் சகோதரிகளை வண்டியில் ஏற்றிச் செகோவியாவுக்கு அழைத்துவரச் செய்தார். இளவரசி கொடுத்த பொருட்களைப் பட்டியல் போட்டுத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கிளம்பினார்கள். இளவரசி ‘வாழ்க்கை’ நூலைப் பற்றி விசாரணை மன்றத்துக்குப் புகார் செய்தார். கையெழுத்துப் படி மன்றத்தின் கைக்குப் போனது. தெரேசா இறக்கும்வரை திரும்பவில்லை.

அதன்பின் புயல். செவில் நகரில் மடத்தை விட்டு வெளியேறிய ஒருத்தி மன்றத்தில் குற்றம் சாட்டினாள். பழைய கார்மேல் துறவிகள் 1577 டிசம்பரில் சிலுவை அருளப்பரைக் கடத்திக்கொண்டு போய், தொலேதோ மடத்தில் ஒரு சின்ன அறையில் எட்டு மாதத்துக்கு மேல் அடைத்துவைத்தார்கள். தெரேசாவின் கடிதங்கள் வழியில் பிரித்துப் படிக்கப்படும் என்ற அச்சத்தில் அவர் எல்லாருக்கும் புனைபெயர் வைத்திருந்தார். தான் ‘ஆஞ்செலா’ அல்லது ‘லௌரென்சியா’. கிராசியான் ‘பவுல்’. அருளப்பர் ‘செனெகா’. விசாரணை மன்றத்தாருக்கு என்ன பெயர் தெரியுமா? ‘தேவதூதர்கள்’. இந்த நகைச்சுவை பெர்னினியின் சிற்பத்தில் இல்லை.

அதே 1577இல், ஜூனில் தொடங்கி நவம்பரில் முடித்த நூல்தான் ‘அகக் கோட்டை’. முதல் நூல் மன்றத்தின் பூட்டுக்குள் இருந்ததால் மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. ஆன்மா ஒரு பளிங்குக் கோட்டை, ஏழு உறைவிடங்கள், நடுவறையில் அரசர். வாசலில் காவலாளி யாரும் பரம்பரை கேட்கும் காட்சி அதில் இல்லை. இதை நான் வலிந்து வாசிக்கிறேன் என்று சிலர் சொல்லலாம். சொல்லட்டும்.

1580இல் திருத்தந்தை 13ஆம் கிரகோரியார் சீர்திருத்தச் சபைக்குத் தனி மாநில அமைப்பை அனுமதித்தார். 1582இல் புர்கோஸ் நகரில் கடைசி மடம். அங்கிருந்து திரும்பும்போது ஆல்பா தெ தோர்மெஸ் ஊரில், அக்டோபர் 4ஆம் தேதி இரவு, 67 வயதில் இறந்தார். அன்றிரவோடு பழைய நாட்காட்டி முடிந்து கிரகோரியன் நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. மறுநாள் அக்டோபர் 15. அதனால்தான் அவர் திருநாள் 15ஆம் தேதி.

‘வாழ்க்கை’ 1588இல் சாலமாங்காவில் அச்சானது. பதிப்பித்தவர் லூயிஸ் தெ லெயோன். அவரும் மதம் மாறிய யூத வம்சம், அவரும் மன்றத்தின் சிறையில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள், தெரேசா எழுதாமல் விட்ட ரத்தத் தூய்மை நிபந்தனையை அவருடைய சபையே தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. ஹுவான் சான்சேஸின் பேத்தி தான் தொடங்கிய சபையில் சேரத் தகுதியற்றவர் ஆனார். புனிதர் பட்டத்துக்கான விசாரணையில் வந்த சாட்சிகள் அவர் தூய பழைய கிறிஸ்தவக் குடும்பம் என்று சத்தியம் செய்தார்கள். 1622 மார்ச் 12, இஞ்ஞாசியாரோடும், நம் முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றிய சவேரியாரோடும், ஒரே நாளில் பட்டம். 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்ட முதல் பெண்ணும் அவர்தான்.

உடலைத் தோண்டி எடுத்து, துண்டு துண்டாகப் புனிதப் பொருளாக்கிய கதை நீளமானது. தொடங்கிவைத்தவர் அன்பு மிகுந்த கிராசியான். இடது கையை வெட்டியெடுத்தார், சுண்டு விரலைத் தனக்கு வைத்துக்கொண்டார். அந்தக் கை கடைசியில் தெற்கே ரோந்தா மடத்துக்கு வந்தது. உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையினரிடம் போய், 1937இல் பிராங்கோவின் கைக்கு வந்தது. அவர் அதைத் தன் இல்லத்திலேயே வைத்துக்கொண்டார். அவருடைய ஆட்சி தெரேசாவுக்குக் கொடுத்த பட்டம் ‘இனத்தின் புனிதை’. அந்த ஆட்சியின் நடுவில், 1946இல், அலோன்சோ கோர்தேஸ் என்ற ஆய்வாளர் வாயதோலித் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த செபேதா சகோதரர்களின் வரி வழக்கை வெளியிட்டார். மஞ்சள் அங்கி, ஏழு வெள்ளிக்கிழமைகள், எல்லாம் சாட்சிகளின் வாக்குமூலத்தில் இருந்தன. பிராங்கோ கையைத் திருப்பித் தரவில்லை. 1975இல் அவர் இறந்த பிறகுதான் அது ரோந்தா மடத்துச் சகோதரிகளிடம் போய்ச் சேர்ந்தது.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.